ஒன்றைத் தாண்டிய எண்

திரையில் 2.2 என்று நின்றது.

யாஸ்னா கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். இப்போது 2.21. இறங்குவதற்குப் பதில் ஏறியிருந்தது.

ஒன்றைத் தாண்டவே கூடாத எண் அது. அவர்கள் உண்டாக்கும் ஒளித்துகள் ஜோடி, கணக்குப்படி இருக்கவேண்டிய ஜோடியோடு எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறது என்று சொல்லும் எண். அச்சு அசலாக ஒத்துப்போனால் ஒன்று. கொஞ்சமும் ஒத்துப்போகாவிட்டால் பூஜ்யம். நூற்றுக்கு இருநூற்று இருபது மார்க் வாங்கிக்கொண்டு வரும் பிள்ளையை எந்த அம்மா கொஞ்சுவாள்?

"நிபால்தோ! டேய், இங்க வாடா!"

ஆய்வு மேஜையை மறைத்திருந்த கறுப்புத் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு நிபால்தோ கார்த்தெஸ் வந்தான். ஆறடி உயரம், ஒல்லி உடம்பு, வாயில் பாதி சோப்பாய்பியா. பூசணி கலந்த மாவைத் தட்டி எண்ணெயில் பொரித்தது. கொன்செப்சியோனில் மழை பெய்கிற நாளில் அதைத் தின்னாதவனை ஊரே சந்தேகமாகப் பார்க்கும்.

"எண்ணெய்க் கையோடயா உள்ள போன?"

"இந்தக் கையால எதையும் தொடல, தாயே. இது சாப்பிடற கை. அது ஆராய்ச்சி பண்ற கை."

"திரையைப் பாரு."

பார்த்தான். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"ரெண்டு புள்ளி ரெண்டா? அடேங்கப்பா! நோபல் வாங்கப் போகும்போது எந்தச் சட்டை போட்டுக்கறது?"

"விளையாடாத. சால்தியாஸ் வந்துட்டு இருக்கா."

அவ்வளவுதான். நிபால்தோவின் முகத்திலிருந்து சிரிப்பு வழிந்து கீழே போனது.

டாக்டர் லியோன்தினா சால்தியாஸ் தலைநகர் சாந்தியாகோவிலிருந்து வருகிறாள். உள்ளே மேஜையின் நடுவில், ஊதா லேசர் பாய்கிற இடத்தில், விரல் நகம் அளவுக்கு ஒரு படிகம் இருக்கிறதே, அது அவளுடையது. கடனாகக் கொடுத்தது. ஊதா ஒளி அதில் நுழைந்தால் மறுபக்கம் ஒளித்துகள்கள் ஜோடி ஜோடியாகப் பிரிந்து வரும். யாஸ்னாவின் மூன்று வருட முனைவர் பட்ட வேலை முழுக்க அந்த நகத்தளவுக் கல்லின் மேல்தான் நிற்கிறது. இன்றைக்கு சால்தியாஸ் கேட்கிற கேள்விகளுக்குச் சரியான பதில் வந்தால் கல் இங்கேயே இருக்கும். வராவிட்டால் அவள் கையோடு சாந்தியாகோ போய்விடும்.

போனால் பட்டமும் போனது.

"ஏர்போர்ட்ல பனிமூட்டம். ரெண்டு மணி நேரமாவது லேட்டாகும்" என்றான் நிபால்தோ. "அதுக்குள்ள பிடிச்சுடலாம். முதல்ல உன் பக்கம் பாரு."

"ஏன், உன் பக்கம் பாரேன்."

உள்ளே லேசர் மேஜைக்கு இரண்டு பக்கம். கொன்செப்சியோனில் யாரும் இடம், வலம் என்று வழி சொல்லமாட்டார்கள். மலைப்பக்கம், கடல்பக்கம் என்பார்கள். ஜன்னலே இல்லாத ஆய்வுக்கூடத்திலும் அதேதான். ஜோடியில் ஒரு துகள் மலைப்பக்கம் போகும். அது யாஸ்னாவின் பொறுப்பு. இன்னொன்று கடல்பக்கம். அது நிபால்தோவின் பொறுப்பு.

இந்த ஜோடிகளோடு ஒரு பெரிய தொல்லை, ஒரு ஜோடியை ஒரே ஒரு தடவைதான் பார்க்கமுடியும். பார்த்த மாத்திரத்தில் கலைந்துவிடும். பார்க்கிற திசையும் ஒன்றாக இருக்காது: நேராகப் பார்க்கலாம், சாய்வாகப் பார்க்கலாம், சுழலாகப் பார்க்கலாம். எல்லாத் திசையிலும் ஒழுங்காக அளந்து முடிப்பதென்றால், துகள்களின் எண்ணிக்கை கூடக் கூட வேலை எகிறும்; ஆயுசு பத்தாது. அதனால் யாஸ்னா குறுக்கு வழியில் போனாள். ஒவ்வொரு ஜோடியையும் குருட்டாம்போக்கில் ஒரு திசையில் பார்ப்பது. விழுந்த விடையைக் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போவது. ஒவ்வொரு விடையும் ஒரு நிழல் மாதிரி. சில ஆயிரம் நிழல்கள் சேர்ந்துவிட்டால், பிறகு யார் வந்து என்ன கேட்டாலும் மேஜையைத் தொடாமலே அந்தக் குவியலிலிருந்து பதில் சொல்லிவிடலாம். முதலில் அளந்து வைத்துக்கொள், கேள்வியை அப்புறம் யோசி. இதற்கு நிழல்பெட்டி என்று நிபால்தோதான் பெயர் வைத்தான்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. குருட்டாம்போக்கு என்றால் அசல் குருட்டாம்போக்காக இருக்கவேண்டும். மலைப்பக்கத்துக்கும் கடல்பக்கத்துக்கும் ஒட்டும் கூடாது, உறவும் கூடாது. அதற்காக அவர்களுடைய பேராசிரியர் ஒரு சட்டமே போட்டிருந்தார்: திசையைத் தேர்ந்தெடுக்கிற ப்ரோகிராமை யாஸ்னா தன் பக்கத்துக்குத் தானே எழுதவேண்டும். நிபால்தோ அவன் பக்கத்தை எழுதவேண்டும். முடிவு வரும்வரை ஒருவர் எழுதியதை ஒருவர் எட்டிப் பார்க்கக்கூடாது. சட்டம் போட்டவர் இப்போது பிரேசிலில் ஏதோ மாநாட்டில் போனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

யாஸ்னா தன் பக்கத்தைச் சோதித்தாள். மூன்று திசையும் சமமாக வந்திருந்தது. நேர், சாய்வு, சுழல், மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கு. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

"என் பக்கம் சுத்தம்" என்றாள்.

"என் பக்கம் அதைவிட சுத்தம். எங்கம்மா வந்து பெருக்கின மாதிரி."

"அப்ப இந்த எண் எங்கேர்ந்துடா வருது?"

"தெரியலயே. தனித்தனியா ரெண்டும் நல்ல பிள்ளைங்க. சேர்த்து விட்டா அடிச்சுக்குது. நம்ம ரெண்டு பேர் மாதிரி."

அவள் சிரிக்கவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் இரண்டு மோட்டார்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஒளியின் பாதையில் இருக்கும் கண்ணாடித் தகடுகளை, திசைக்குத் தக்கபடி திருப்புகிற மோட்டார்கள். நேர் என்றால் சின்னதாக ஒரு 'ட்டிக்'. சாய்வு என்றால் கொஞ்சம் நீளமாக 'ர்ர்'. சுழல் என்றால் வயிற்றுவலிக்காரன் மாதிரி ஒரு முனகல். காலையில் முதல் தடவையாக இரண்டையும் சேர்த்து ஓடவிட்டதிலிருந்து, உள்ளே ஒரே ஒரு மிருகம் மூச்சுவிடுவது போலிருந்தது. கேட்டுக் கேட்டு அவள் காது அதைக் கவனிப்பதை விட்டுவிட்டது.

"நிபால்தோ, உண்மையைச் சொல்லு. எதையாவது தட்டி விட்டியா? நல்ல எண் வரட்டும்னு?"

கேட்ட பிறகுதான் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டது புரிந்தது. அவன் சோப்பாய்பியாவைக் கம்ப்யூட்டர் மேஜையோரம் வைத்தான்.

"நல்ல எண் வேணும்னு தட்டறவன் புள்ளி ஒன்பதுன்னு தட்டுவானா, ரெண்டு புள்ளி ரெண்டுன்னு தட்டுவானா? திருடத் தெரியாத திருடன்னு நினைச்சியா என்னை?"

யாஸ்னாவின் தலைக்குள் ஒரு கம்பளிப்பூச்சி சுற்றிச் சுற்றி வந்தது. அவன் பொய் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. எண் மட்டும் பொய் சொல்கிறது. பொய் சொல்ல அதற்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

கதவு தட்டப்பட்டது.

பனிமூட்டம் நினைத்ததைவிடச் சீக்கிரம் விலகியிருக்கவேண்டும். டாக்டர் சால்தியாஸ் நனைந்த கோட்டோடு வாசலில் நின்றாள். ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைந்த வயது. நரை ஓடிய முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். கையில் பஞ்சு வைத்த ஒரு சின்னப் பெட்டி. படிகத்தை எடுத்துப்போகும் பெட்டி.

"உட்காருங்க டாக்டர். டீ?"

"அப்புறம். பெட்டி தயாரா?"

எந்தப் பெட்டி என்று ஒரு கணம் குழம்பி, நிழல்பெட்டி என்று புரிந்து, யாஸ்னா தலையாட்டினாள். 2.21-ஐ மறைக்கத் திரையில் வேறு ஜன்னலைத் திறந்தாள். அது தப்பு என்று கைக்கே தெரிந்தது.

"ஒரு கேள்வி" என்றாள் சால்தியாஸ். "மலைப்பக்கம் நேராப் பார்த்து, கடல்பக்கம் சாய்வாப் பார்த்தா, ரெண்டு விடைக்கும் எவ்வளவு ஒட்டு இருக்கு?"

வேறு வேறு திசையில் பார்த்தால் ஒட்டு இருக்கக்கூடாது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரவேண்டும். யாஸ்னா கேள்வியைத் தட்டினாள். விடை உடனே வந்தது.

0.0000.

"அப்பாடா" என்றான் நிபால்தோ. "பூஜ்யம். சரியான விடை!"

சால்தியாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"தம்பி, நீ எத்தனை வருஷமா இந்த வேலையில இருக்க?"

"நாலு வருஷம், டாக்டர்."

"நாலு வருஷத்துல ஒரு தடவையாவது நிஜமான அளவு இப்படிச் சுத்தமா வந்து பார்த்திருக்கியா? புள்ளி பூஜ்யம் ரெண்டு வரும். மைனஸ் புள்ளி பூஜ்யம் மூணு வரும். ஆடும், அசையும். இது செத்துக் கிடக்கு. செத்த எண்ணை யாரு அளந்தாங்க? யாரோ உட்கார்ந்து எழுதியிருக்காங்க."

"இல்ல டாக்டர், சத்தியமா…" என்று யாஸ்னா ஆரம்பித்தாள்.

"அந்த இன்னொரு ஜன்னலைத் திற, பொண்ணே. நான் வந்ததும் மூடினியே, அதை."

திறந்தாள். 2.21.

சால்தியாஸ் கத்தவில்லை, கத்தியிருந்தால் பரவாயில்லை என்று யாஸ்னாவுக்குத் தோன்றியது. சால்தியாஸ் பஞ்சுப் பெட்டியின் மூடியைத் திறந்து மேஜைமேல் வைத்தாள்.

"ஒண்ணு செத்த பூஜ்யம். இன்னொண்ணு வரவே முடியாத எண். எப்படி வந்துச்சுன்னு சொல்லத் தெரியுமா?"

"தெரியல" என்றாள் யாஸ்னா. அதுதான் உண்மை. "ரெண்டு பக்கமும் தனியா சரியா இருக்கு. சேர்த்தா தப்பா வருது. ஏன்னு எனக்கு நிஜமாவே தெரியல, டாக்டர்."

"லேசரை அணைச்சுடுங்க. நான் கல்லை எடுத்துக்கறேன்."

நிபால்தோ நகரவில்லை. யாஸ்னாவும் நகரவில்லை. நகர்ந்தது தரை.

முதலில் மேஜைமேல் கோப்பைகள் கிணுகிணுத்தன. பிறகு சுவருக்குள் லாரி ஒன்று ஓடுவது போல ஓர் உறுமல். மூவரும் பேச்சை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார்கள். இந்த ஊரில் சின்ன ஆட்டத்துக்கெல்லாம் யாரும் ஓடமாட்டார்கள். பெரிதாகுமா என்று காத்திருப்பார்கள். சால்தியாஸ் பார்வையை விளக்கின்மேல் வைத்து, கால்களை அகட்டி, ஒரு கையால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். நிலைக்கால் வளைந்தால் கதவு சிக்கிக்கொள்ளும், உள்ளேயே மாட்டிக்கொள்வோம். அதைத் தெரிந்துவைத்திருக்கிற கை.

யாஸ்னா அதைப் பார்த்தாள். ஏன் அது மனதில் தைத்தது என்று அப்போது தெரியவில்லை.

நின்றது.

"நாலு புள்ளி எட்டு" என்று ஆட்டத்தின் அளவை ஊகித்தான் நிபால்தோ, வழக்கம்போல.

"அஞ்சு புள்ளி மூணு" என்றாள் யாஸ்னா, வழக்கம்போல.

"அஞ்சு புள்ளி ஒண்ணு. கடலுக்குள்ள, வடக்கே" என்றாள் சால்தியாஸ், கதவை விடாமல்.

நிபால்தோ போனைத் தட்டினான். கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது. "அஞ்சு புள்ளி ஒண்ணு! வடக்கே, கடலுக்குள்ள! டாக்டர், உங்க வயித்துல மீட்டர் வச்சிருக்கீங்களா?"

உள்ளே ஒரு மோட்டார் நின்றிருந்தது. கடல்பக்கத்துக் கம்ப்யூட்டரின் ப்ளக் ஆட்டத்தில் கழன்றுவிட்டது. லேசரை அணைக்கச் சொல்லியிருந்ததையே மறந்து, நிபால்தோ பழக்கதோஷத்தில் உள்ளே ஓடி, ப்ளக்கைச் செருகி, தன் பக்கத்து ப்ரோகிராமை முதலிலிருந்து ஓடவிட்டு வந்தான். மலைப்பக்கம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டேயிருந்தது.

"என்ன பண்ற நீ? அணைக்கத்தானே சொன்னேன்?"

"டாக்டர்" என்றாள் யாஸ்னா. விரலால் திரையைக் காட்டினாள்.

கடைசியாக வந்த நிழல்களை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிற திரை அது. 2.21 இறங்கிக்கொண்டிருந்தது. 1.9. 1.5. 1.2. ஒன்றுக்குக் கீழே வந்து, கொஞ்சம் தயங்கி, 0.9-ஐச் சுற்றி ஆட ஆரம்பித்தது.

அடுத்த ஜன்னலில் செத்துக்கிடந்த பூஜ்யம் எழுந்து உட்கார்ந்தது. 0.04. மைனஸ் 0.02. 0.01.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பூமி வந்து சரிபண்ணிட்டுப் போயிருக்கு" என்றான் நிபால்தோ மெதுவாக. "கட்டுரையில நன்றின்னு போட்டுடலாமா?"

"வாயை மூடு" என்றாள் சால்தியாஸ். ஆனால் அவள் புருவமும் நெரிந்திருந்தது. "ஆட்டம் வந்து எண் கெட்டுச்சுன்னா புரியும். கெட்டுக்கிடந்தது ஆட்டத்துல எப்படிச் சரியாகும்? என்ன நாடகம் இது?"

யாஸ்னாவின் காது வேறெங்கோ இருந்தது.

திரைச்சீலைக்குப் பின்னால் சத்தம் மாறியிருந்தது. ஒன்று 'ட்டிக்' என்றால் இன்னொன்று முனகியது. ஒன்று முனகினால் இன்னொன்று 'ர்ர்' என்றது. மூச்சுவிட்டுக்கொண்டிருந்த அந்த ஒற்றை மிருகம் போய், இரண்டு மிருகங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. காலையிலேயே இப்படித்தானே கேட்டிருக்கவேண்டும்? இரண்டு பேர் தனித்தனியாகக் குருட்டாம்போக்கில் திரும்பினால் சத்தம் எப்படி ஒன்றாக வரும்?

"ரெண்டும் ஒரே திசையிலயே பார்த்துட்டு இருந்திருக்கு" என்றாள். வார்த்தைகள் முந்தியடித்துக்கொண்டு வந்தன. "காலையிலேர்ந்து! மலைப்பக்கம் நேர்னா கடல்பக்கமும் நேர். இது சாய்வுன்னா அதுவும் சாய்வு. மூணு திசைக்கு மூணு, ஒன்பது சேர்க்கை வரணும். நமக்கு மூணே மூணுதான் வந்திருக்கு. ஒன்பதுல ஒரு தடவை வரவேண்டியது மூணுல ஒரு தடவை வந்திருக்கு, டாக்டர். அதான் எண்ணுல ஒட்டோட பங்குக்கு மட்டும் மூணு மடங்கு எடை ஏறிடுச்சு. நீங்க கேட்ட நேர்-சாய்வு சேர்க்கை ஒண்ணுகூட வரல. அதான் சுத்தமான பூஜ்யம். யாரும் எழுதல. அங்க ஒண்ணுமே இல்ல!"

அவசரமாகக் காலை எண்ணில் ஒட்டின் பங்கை மட்டும் மூன்றால் வகுத்துக் கணக்குப் போட்டாள். 0.9 வந்தது. ஆட்டத்துக்குப் பிறகு வந்த அதே எண்.

சால்தியாஸ் கணக்கைச் சரிபார்த்தாள். தலையசைத்தாள். ஆனால் பெட்டியை மூடவில்லை.

"கணக்கு சரி. அப்ப இதுக்குப் பதில் சொல்லு. கம்ப்யூட்டருக்குத் தானா தாறுமாறா யோசிக்கத் தெரியாது. ஒரு தொடக்க எண் குடுக்கணும். அதே எண்ணைக் குடுத்தா அதே தாறுமாறுதான் வரும். ப்ளக் கழண்டு இவன் பக்கம் மறுபடி முதல்லேர்ந்து ஓடினதாலதான் இப்ப ரெண்டு வரிசையும் முன்னப்பின்ன ஆகியிருக்கு. ரெண்டு பக்கமும் ஒண்ணா ஓடியிருக்குன்னா ரெண்டு பேரும் ஒரே எண்ணைக் குடுத்திருக்கீங்க. அவன் ப்ரோகிராமை நீ பார்த்து எழுதியிருக்க. இல்ல உன்னோடதை அவன் பார்த்திருக்கான். பார்க்கவே கூடாதுங்கறதுதானே உங்க சட்டம்? இத்தனை எண் இருக்கும்போது ரெண்டு பேருக்கும் ஒரே எண் தானா வந்துச்சுன்னு சொன்னா நான் நம்பணுமா?"

நிபால்தோ யாஸ்னாவைப் பார்த்தான். யாஸ்னா அவனைப் பார்த்தாள். அவன் முகத்திலும் தன்னுடைய குழப்பமே தெரிந்தது. அவன் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. பின் எப்படி? எந்த எண்ணைப் போட்டோம் என்று யோசித்தாள். யோசிக்காமல் போட்ட எண். விரல் தானாகத் தட்டிய எண்.

கதவைப் பிடித்திருந்த சால்தியாஸின் கை ஞாபகம் வந்தது.

"நிபால்தோ, சொல்லாத! வாயைத் திறக்காத!" என்று கத்தினாள். "போன்ல நீ போட்ட எண்ணைத் தட்டிக் கவுத்து வை. நானும் வைக்கறேன். டாக்டர், நீங்களும் ஒரு எண் தட்டுங்க."

"நானா? எனக்கும் இதுக்கும் என்ன?"

"மூணு இலக்கம். யோசிக்காதீங்க. முதல்ல வர்றதைத் தட்டுங்க. அது போதும். அதுக்கப்புறம் கல்லை எடுத்துக்குங்க, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

சால்தியாஸ் எரிச்சலோடு போனை எடுத்தாள். தட்டினாள். தட்டிய விரல் அப்படியே நின்றது.

மூன்று போன்களும் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தன. யாஸ்னா தன்னுடையதைத் திருப்பினாள். 334. நிபால்தோ தன்னுடையதைத் திருப்பினான். 334.

சால்தியாஸ் தன் போனைத் திருப்பவில்லை. அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

மூன்று முப்பத்துநான்கு. பெரிய பூகம்பம் வந்த விடியற்காலையில் இந்த ஊர்க் கடிகாரங்கள் நின்ற நேரம். அந்த வருடம் கொன்செப்சியோனில் இருந்த யாரிடமாவது ஓர் எண் கேட்டுப் பாருங்கள்.

"நீ எங்க இருந்த?" என்று யாஸ்னாவைக் கேட்டாள் சால்தியாஸ். குரலில் சாந்தியாகோ இல்லை.

"பர்ரியோ நோர்தே. நாலாவது மாடி. எனக்கு ஒன்பது வயசு. அப்பா என்னைப் படிக்கட்டுல தூக்கிட்டு ஓடினார்."

"நீ?"

"சான் பெத்ரோ, டாக்டர். மேஜைக்கடியில. நாயும் நானும்" என்றான் நிபால்தோ.

"நான் பக்கத்துல தால்காவானோ" என்றாள் அவள். "துறைமுகத்துப் பொண்ணு. கடல் ஏறி வரும்னு குன்றுமேல ஏறிட்டோம். விடியற வரைக்கும் கீழ என்ன இருக்கு, என்ன இல்லன்னு ஒண்ணும் தெரியல." போனைத் திருப்பாமலே கோட்டுப் பைக்குள் போட்டாள். "அதுக்கப்புறம்தான் சாந்தியாகோ போனேன்."

பிறகு அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேஜையோரத்தில் ஆறிக்கிடந்த சோப்பாய்பியாவைத் தன் பக்கம் நகர்த்தினாள்.

"டீ போடு. ஆட்டத்துக்கப்புறம் வந்த நிழல் மட்டும்தான் கணக்கு. கேள்வி கேக்கறேன்."

கேட்டாள். டீ கொதிப்பதற்குள் ஒன்று, ஊற்றுவதற்குள் ஒன்று, பாதி குடிப்பதற்குள் மூன்றாவது. யாரும் திரைச்சீலைக்குள் போகவில்லை. மோட்டார்கள் தம்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தன. மூன்றுக்கும் நிழல்பெட்டி பதில் சொன்னது. ஆடிக்கொண்டு, அசைந்துகொண்டு, உயிரோடு.

சால்தியாஸ் பஞ்சுப் பெட்டியை மூடினாள். உள்ளே ஒன்றும் இல்லை.

"கல் இங்கயே இருக்கட்டும். ஆனா நாளைக்கு முதல் வேலையா தொடக்க எண்ணை மாத்தணும். ரெண்டு பேரும் வேற வேற எண்."

"சரி டாக்டர். என்ன எண் போடறது?" என்றான் நிபால்தோ.

யாஸ்னா யோசித்தாள். அவனும் யோசித்தான். சால்தியாஸ் கூரையைப் பார்த்தாள். மூன்று பேரும் வெகுநேரம் யோசித்தார்கள். வேறு எண் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.